வாக்காளர் அட்டையில் மிச்சமிருந்த முகம்

எங்க அப்பத்தா 2009இல் செத்துப்போனாள். எண்பது வயசைத் தாண்டியிருக்கும், கணக்கு யாருக்கும் தெரியாது. பதினாறாம் நாள் விசேசத்துக்குப் படம் வைக்கணும் என்று அப்பா வீட்டைக் குடைந்தெடுத்தார். தகரப் பெட்டி, பரண், சாமி படங்களுக்குப் பின்னால் சொருகிவைத்த காகிதங்கள், எல்லாம் பார்த்தாச்சு. சித்தப்பா கல்யாண ஆல்பத்தில் பந்தி நடக்கிற படமொன்றில் சோத்து வாளியோடு நிற்கிற ஒரு கிழவியின் முதுகு இருந்தது. அது அப்பத்தாதான் என்று அம்மா சொன்னாள். முதுகுக்கு மாலை போட முடியாது. கடைசியில் கிடைத்தது வாக்காளர் அடையாள அட்டை.

சேஷன் தேர்தல் ஆணையராக இருந்த தொண்ணூறுகளில், பள்ளிக்கூட வராந்தாவில் சனங்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த படம். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. ரவிக்கை போட்டுப் பழகாத மனுசி. யாரோ அதட்டியதில் முந்தானையைக் கழுத்துவரை இழுத்துச் சுற்றிக்கொண்டு, என்ன தப்புப் பண்ணினோம் என்று தெரியாமல் போலீஸ் ஸ்டேசனில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி கேமராவைப் பார்க்கிறாள்.

பக்கத்து டவுனில் ஒரு ஸ்டுடியோவில் அதைக் கொடுத்தோம். மூணு நாள் கழித்து வந்த படத்தில் அப்பத்தா அரக்குக் கலர் பட்டுச்சேலை கட்டி, ரவிக்கை போட்டு, கழுத்தில் ரெட்டைவடச் சங்கிலியோடு நீல மேகத்துக்கு முன்னால் இருந்தாள். "கறுப்பைக் கொஞ்சம் கொறச்சிருக்கேன், பாக்க லட்சணமா இருக்கணும்ல" என்றார் ஸ்டுடியோக்காரர். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது அந்தப் படம்தான். எனக்குத் தெரிந்த அப்பத்தா அதில் இல்லை.

தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு ஒளிப்படத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று யாராவது கேட்டால் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். நம்ம சனங்கள் கேமராவுக்கு முன்னால் எப்போது நிறுத்தப்பட்டார்கள், யார் நிறுத்தினார்கள், எதற்காக என்று தேடிக்கொண்டு போனால் அப்பத்தாவின் அந்த மிரண்ட பார்வை நெடுக வருகிறது.

மதுரைச் சீமையை முதன்முதலாக விரிவாகப் படம் பிடித்தவர்களில் லின்னேயஸ் டிரைப் முக்கியமானவர். கம்பெனி ராணுவத்தின் கேப்டன், சென்னை மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரர். 1858இல் அவர் எடுத்த படங்களில் மீனாட்சியம்மன் கோயில் இருக்கிறது, திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது, தெப்பக்குளம் இருக்கிறது. மனுசங்க அநேகமாக இல்லை. அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாத பொருள்தான் வேண்டும் என்பது ஒரு காரணம். ஆள் முக்கியமில்லை என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். அப்புறம் ஆள்களைப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'இந்தியாவின் மக்கள்' வந்தது. 1909இல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளில் 'தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்' கொண்டுவந்தார். தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மூக்கு அளக்கிற கருவியும் கேமராவும் அவருக்கு ஒன்றுதான். படத்துக்குக் கீழே சாதியின் பெயர் இருக்கும். நிற்கிற ஆளின் பெயரைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். காட்டில் பிடித்த பூச்சிக்குப் பெயர் எழுதுவது போலத்தான்.

இதைவிடக் கொடுமை 1876–78 பஞ்சத்தின் படங்கள். சென்னைக் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்தவை. எலும்பும் தோலுமாகிப்போன சனங்களை, குழந்தை குட்டிகளோடு, குடும்பப் படத்துக்கு உட்காரவைக்கிற மாதிரி வரிசையாக அமர்த்தி எடுத்திருக்கிறார். இந்தப் படங்களை முதலில் பார்த்தபோது நான் பார்த்தது அவர்களுடைய கண்களை. அடுத்த வேளைக்குக் கஞ்சி கிடைக்கும் என்று நினைத்து உட்கார்ந்தார்களா, உட்காரச் சொன்னதால் உட்கார்ந்தார்களா? இதே ஹூப்பர்தான் பின்னாளில் பர்மாவில் மரண தண்டனையைப் படம் பிடித்து, சுடுகிற நேரத்தைத் தன் கேமராவுக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டில் விசாரணைக்கு உள்ளானார்.

அந்தப் பஞ்சத்துக்கும் எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. பஞ்சத்துக்குப் பிறகுதான் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்புகிற பழைய யோசனை வேகம் பிடித்தது. 1887இல் வேலை தொடங்கி 1895இல் அணை திறந்தார்கள். இன்றைக்குக் கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை டீக்கடை, உரக்கடை, வீட்டு நடை என்று எங்கே பார்த்தாலும் கர்னல் பென்னிகுக்கின் படம் தொங்கும். ஜனவரி 15 அவர் பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபமும் வந்துவிட்டது. நன்றி இருக்க வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மலைக்குள் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்துப்போன கூலிகளில் ஒருத்தருடைய முகமாவது ஏதாவதொரு டீக்கடையில் இருக்கிறதா? தண்ணி வந்தபிறகு இருபோகம் விளைந்த வயலில் நாற்று நட்டது யார்? வயல் யார் பேரில் இருந்தது? பென்னிகுக் படம் மாட்டியிருக்கிற எங்க காலனி வீடுகளில் முக்கால்வாசிக்கு ஒரு சென்ட் நஞ்சை கிடையாது.

எங்க வீடுகளில் முதலில் ஏறிய படம் அம்பேத்கருடையது. கோட்டுப் போட்டு, கண்ணாடி போட்டு, யாருக்கும் பணியாமல் நேராகப் பார்க்கிற மனிதர். 1991 நூற்றாண்டையொட்டி அந்தப் படம் சேரிதோறும் போனது. ஒரு படத்தை மாட்டுவதற்கே ஊர் கூடிப் பிரச்சினை பண்ணிய கதைகளை அப்பா சொல்லுவார். 1989 செப்டம்பரில் போடியில் கலவரம் வந்து நம்ம சனங்கள் வெட்டுப்பட்டுச் செத்தபோது நான் பிறந்திருக்கவில்லை. அந்த நாள்களைப் பற்றிக் கேட்டால் அப்பா ஒன்று சொல்வார்: "நம்மளப் படம் புடிக்க எவனாச்சும் வந்தான்னா ஒண்ணு குடிசை எரிஞ்சிருக்கணும், இல்ல பொணம் விழுந்திருக்கணும்." பத்திரிகைக்காரன் வருவான், போலீஸ் போட்டோகிராபர் வருவான். குடிசை எரிவதற்கு முந்தின நாள் அந்தக் குடிசை வாசலில் பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தவளை எடுக்க ஒருத்தனும் வந்ததில்லை.

பேனா கைக்கு வந்தவுடன் நாம் எழுதிவிட்டோம். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. தன் கதையைத் தானே சொல்லுகிற எழுத்து அதற்குப் பிறகு பெருகியது. கேமராவுக்கு அது நடக்க இன்னும் இருபது வருசத்துக்கு மேல் ஆனது. காரணம் ரொம்பச் சாதாரணம். பேனா அஞ்சு ரூபாய். ஃபிலிம் சுருள், கழுவுகிற செலவு, பிரிண்ட், லென்ஸ் எல்லாம் நம்ம கூலிக்குக் கட்டுப்படியாகாத சரக்கு. இன்னொன்றும் இருக்கிறது. நம்ம நிறத்தைப் பிடிப்பதற்கு அந்த ஃபிலிமே லாயக்கில்லாமல் இருந்தது. அமெரிக்காவின் கோடாக் கம்பெனி, நிறம் சரிபார்க்க லேபுகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல பத்தாண்டுகளாக ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். கறுப்பு முகங்கள் அதில் கண்ணும் பல்லுமாக மட்டும் விழுந்தன. கறுப்பு மக்கள் குறைபட்டதைவிட, சாக்லேட் கம்பெனியும் மரச்சாமான் கம்பெனியும் தங்கள் சரக்கின் நிறம் சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் அந்தக் கம்பெனி அசைந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்க ஊர் ஸ்டுடியோக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய!

டிஜிட்டல் கேமரா வந்து, தவணைக் கடன் வந்தபிறகு நிலைமை மாறியது. மதுரை அலங்காநல்லூர் பக்கம் ஜவஹர்லால்புரத்திலிருந்து வந்தவர் எம். பழனிகுமார். அவருடைய அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். இன்ஜினியரிங் படிக்கப் போன பையன் கடன் வாங்கிக் கேமரா வாங்கினார். 2017இல் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தது இவர்தான். மலம் அள்ளுவதை 2013 சட்டம் தடை செய்துவிட்டது, ஆகவே அப்படி யாரும் இல்லை என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் தெருத்தெருவாக, ஊர் ஊராகப் போய் இதோ இருக்கிறார்கள் என்று காட்டிய படம் அது. அந்த வருசமே திவ்யபாரதி ஒரு பழைய வழக்கில் கைது செய்யப்பட்டார். படத்தைத் திரையிட விடாமல் பல இடங்களில் தடுத்தார்கள்.

பழனிகுமார் அத்தோடு நிற்கவில்லை. குழிக்குள் இறங்கிச் செத்தவர்களின் வீடுகளுக்குப் போனார். மிச்சமிருக்கிற மனைவி, பிள்ளைகள், அவர்கள் கையில் பிடித்திருக்கிற செத்தவரின் படம் என்று எடுத்தார். படத்துக்குள் ஒரு படம்! அந்தக் கைகளில் இருப்பதும் பெரும்பாலும் ஏதோ ஒரு அட்டையிலிருந்து பெரிதாக்கியதாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும். பிறகு பாரி என்கிற ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்துக்காக ராமநாதபுரம் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களை எடுத்தார். அந்தப் பெண்களுக்குப் பெயர் இருக்கிறது, வயசு இருக்கிறது, அவர்கள் பேசியதும் படத்தோடு இருக்கிறது. தர்ஸ்டனின் புத்தகத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால்தான் நடந்திருப்பதன் கனம் புரியும். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருதின் முதல் விருது அவருக்குக் கிடைத்தது.

1942இல் வாஷிங்டனில் கோர்டன் பார்க்ஸ் என்கிற கறுப்பின இளைஞர், அரசு அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கிய எல்லா வாட்சன் என்ற பெண்ணைத் துடைப்பத்தோடு அமெரிக்கக் கொடிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார். உலகப் பிரசித்தி பெற்ற படம். பலருக்குத் தெரியாதது, அதோடு விடாமல் பார்க்ஸ் அந்த அம்மாளின் வீட்டுக்கும் சர்ச்சுக்கும் திரும்பத் திரும்பப் போய் எடுத்துக்கொண்டே இருந்தார் என்பது. அங்கே அவள் துடைப்பம் பிடித்தவளாக இல்லை. பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். இந்த இரண்டாவது பகுதியின் முக்கியத்துவம் எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரியவில்லை. எங்க சின்னம்மாதான் புரியவைத்தாள்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஏப்ரல் 14க்கு எங்க காலனி சமுதாயக்கூடத்தில் ஒளிப்படக் கண்காட்சி வைத்தோம். எங்க தெருப் பையன்கள் மூணு பேர், பழைய விலைக்கு வாங்கிய ஒரே கேமரா, மிச்சத்துக்கு செல்போன். தேனியில் பிரிண்ட் போட்டு, கயிறு கட்டித் துணி மாட்டுகிற கிளிப்பில் தொங்கவிட்டோம். பெரும்பாலும் ஏலத்தோட்டத்து வேலை. இது தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கத்துப் பெண்கள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புகிறவர்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று சட்டம் சொல்லும், ஜீப்பு வேறு கணக்குச் சொல்லும். கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் ஆதார் அட்டையிலிருந்து வெட்டியெடுத்த முகங்கள் வரிசையாக வரும். அட்டை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சின்னம்மா படம் நடுவில் தொங்கியது. சேலைக்கு மேலே சித்தப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கு, காலில் அட்டை கடித்து வழிந்த ரத்தம். பின்னால் பனிமூட்டம். பையன் உயிரைக் கொடுத்து எடுத்திருந்தான். மதுரையிலிருந்து வந்த தோழர் ஒருத்தர் அதற்கு முன்னால் ரொம்ப நேரம் நின்று, "இது சர்வதேசத் தரம்" என்றார். சின்னம்மா வந்து பார்த்தாள். கிளிப்பைக் கழற்றிப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கோலத்தோடயாடா என்னய ஊருக்குக் காட்டுற?"

"ஒழைக்கிறது அசிங்கமா சின்னம்மா?" என்றான் பையன். எங்கள் கூட்டங்களில் கற்றுக்கொண்ட கேள்விதான்.

"ஒழைக்கிறது அசிங்கமில்லடா. நீ ஏன் நான் ஒழைக்கிறப்ப மட்டும் வர்ற? மாரியம்மன் பொங்கலுக்குப் பச்சைச் சேலை கட்டிக்கிட்டு முளைப்பாரி எடுத்தேன்ல, அன்னைக்கு உன் கேமரா எங்க போச்சு?"

யாருக்கும் பதில் வரவில்லை. தோழர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். நான் அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. ஹூப்பரை, தர்ஸ்டனைத் திட்டித் திட்டி எழுதியவள் நான். நாங்களும் சின்னம்மாவை ஒரு வகைமாதிரியாகத்தான் பார்த்திருக்கிறோம்: உழைக்கும் தலித் பெண், படம் ஒன்று. பெயர் எழுதினோம், சாதியை எழுதவில்லை, ரத்தத்தைக் காட்டினோம். அவள் ஆசைப்பட்ட பச்சைச் சேலையைக் காட்டவில்லை.

ஜெய்சிங் நாகேஸ்வரனின் படங்களை நான் திரும்பப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அவர் வாடிப்பட்டிக்காரர். எங்க பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகிற தண்ணீர் வைகையில் கலந்து பேரணையில் பிரிந்து பெரியாறு கால்வாயாக அவர் ஊர்ப்பக்கம் போகிறது. அந்த முல்லைப் பெரியாற்றை வைத்தே அவர் ஒரு படத்தொடர் செய்திருக்கிறார். கேமராவை யாரிடமும் படித்துக் கற்றவரல்ல. 2020 கொரோனா ஊரடங்கில் ஊருக்குத் திரும்பி வந்து அடைபட்டுக் கிடந்தபோது தன் வீட்டையே எடுக்க ஆரம்பித்தார். 'நான் ஒரு மீனைப் போல உணர்கிறேன்' என்பது அந்தத் தொடரின் தலைப்பு. பள்ளிக்கூடத்தில் நம்ம பிள்ளைகளுக்கு இடமில்லை என்றானபோது அவருடைய பாட்டி தானே பள்ளிக்கூடம் ஆரம்பித்தவர். அந்தப் பாட்டியின் கதை, அண்ணன் பிள்ளைகள், வீட்டு முற்றம், வெயில், தூக்கம் எல்லாம் அதில் வருகின்றன. குடிசை எரியவில்லை, பிணம் விழவில்லை. சாதி ஒவ்வொரு படத்துக்குள்ளும் இருக்கிறது, ஆனால் அழுகிற முகமாக இல்லை. 2021இல் மேக்னம் அறக்கட்டளையின் ஒளிப்படம்–சமூகநீதி நல்கை அவருக்குக் கிடைத்தது.

2024 டிசம்பரில் தொடங்கிய சென்னை ஒளிப்பட பியன்னாலேயின் நான்காம் பதிப்பு 'ஏன் படம் எடுக்கிறோம்' என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தது. அதில் 'வானேறும் விழுதுகள்' என்ற கண்காட்சியை ஜெய்சிங் தொகுத்தார். நம்ம ஆள் படமெடுக்கிறவராக மட்டுமில்லை, எது சுவரில் ஏற வேண்டும் என்று தீர்மானிக்கிறவராகவும் ஆகியிருக்கிறார். இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஓவியக் கூடங்களில், காட்சிக் கலையில் இவர்களுடைய பாதிப்பு எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நிழல், வெளிச்சம், கோணம் எல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். சுவரில் எதிரே நிற்கிறவளுக்குப் பெயர் வேண்டும், அவள் தன் படத்தைப் பார்க்க வர வேண்டும், வீட்டு ஆல்பமும் வரலாற்று ஆவணம்தான் என்கிற பழக்கங்கள் இவர்கள் வழியாகத்தான் இங்கே அழுத்தமாக உள்ளே வந்தன. பழனிகுமார் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், 2023இல் வடசென்னை இளைஞர்களுக்கும் கேமரா கற்றுக்கொடுத்து, அவர்கள் எடுத்ததையே கண்காட்சியாக வைத்தார். நீலம் பண்பாட்டு மையம் 2022 முதல் ஏப்ரலில் நடத்துகிற வானம் கலைத் திருவிழாவும் இந்தப் போக்குக்கு இடம் கொடுத்தது.

சினிமாவும் இதிலிருந்து தப்பவில்லை. 2018இல் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தபோது எங்க காலனியே பார்த்தது. ஏலக்காய் மூட்டை சுமந்து மலையிறங்குகிறவனும், நிலத்துக்கு ஆசைப்பட்டு நிலமில்லாமலே போகிறவனும் எங்க ஆள்கள். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். அந்தப் படத்தில் மலை அழகாக இருக்கிறது, ஆனால் மூட்டைச் சுமை குறையவில்லை. மலையைக் காட்டிப் பாட்டு மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். கூடத்துக்குள் ஏறிய படம் தெருவுக்குத் திரும்பி வருகிறதா? குளிர்பதன அறையில் வெள்ளைச் சுவரில் சின்னம்மாவின் காலில் வழிகிற ரத்தம் 'கலை'யாகிவிடுகிற அபாயம் உண்டு. மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி பி.கே. ரோசி நம்மவள். நாயர் பெண்ணாக நடித்தாள் என்று விரட்டியடிக்கப்பட்டாள். அவளுடையது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய படம் ஒன்றுகூட இல்லை, அந்த சினிமாவின் பிரதியும் இல்லை. ஒருத்தியின் முகம் இல்லாமல் போவது எப்படிப்பட்ட இழப்பு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதனால் அபாயம் இருந்தாலும் எடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எதை எடுப்பது என்பதில் சின்னம்மாவுக்கு ஓட்டு உண்டு.

அந்த ஆடியில் பையன் பச்சைச் சேலையில் அவளை எடுத்தான். வீட்டு வாசலில், ஜீப்புக்குப் போகிற நாளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிறத்தைக் குறைக்கக் கூடாது என்று பிரிண்ட் போடுகிற இடத்தில் கூடவே நின்று பார்த்துக்கொண்டேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது சின்னம்மா பீரோவைத் திறந்து சுருட்டி வைத்திருந்த பழைய படத்தையும் எடுத்தாள். கிழித்துப் போட்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். ரெண்டையும் கட்டிலில் விரித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"செத்தா இதப் போடுங்க" என்று பச்சைச் சேலையைக் காட்டினாள். "அது என் பேத்திக்கு இருக்கட்டும். எம்புட்டுப் பாடுபட்டுப் படிக்க வச்சோம்னு அவளுக்கும் தெரியணும்ல."

பிறகு ரெண்டுக்கும் பின்னால் தன் பேரையும் தேதியையும் எழுதச் சொன்னாள். எழுதினேன். எழுத்து சரியாக இருக்கிறதா என்று பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.